பெர்சி ஜிருவார்: போர்க்களத்தில் ரயில் ஓட வைத்த பொறியாளர் (விவாத இழை)

ஒற்றைத்தடம்:

எல்லோருக்கும் வணக்கம். ரயில் பொறியாளர்கள் என்றாலே இங்கே பாம்பன், நீலகிரி, கொங்கண் என்று சுற்றிச் சுற்றி அதற்குள்ளேயே நிற்கிறோம். வேற்று நாட்டில், அதுவும் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது பாதை போட்ட ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமே என்று இந்த இழை.

ஆள் பெயர் பெர்சி ஜிருவார். 1867-ல் மாண்ட்ரியலில் பிறந்த கனடாக்காரர். அப்பா பிரெஞ்சு வம்சம், பின்னாளில் கனடா உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர். அம்மா ஐரிஷ் குடும்பம். கிங்ஸ்டன் ராணுவக் கல்லூரியில் 1886-ல் படிப்பை முடித்துவிட்டு கனடியன் பசிபிக் ரயில்வேயில் இரண்டு வருடம் வேலை பார்த்தார். பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியாளர் படை. 1890 முதல் 1895 வரை உல்விச் ஆயுதத் தொழிற்சாலைக்குள் ஓடிய ரயில்களுக்குப் போக்குவரத்து மேலாளர். தொழிற்சாலைக்குள் என்றதும் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். பெரிய கேஜும் (கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம்) 18 அங்குலக் குட்டிக் கேஜும் பின்னிக் கிடந்த இடம் அது.

1896-ல், மஹ்தி இயக்கத்தார் ஆண்ட சூடானைப் பிடிக்கக் கிளம்பிய பிரிட்டிஷ்-எகிப்தியப் படையின் தளபதி கிச்சனர் இவரை அழைத்துக்கொண்டார். அங்கே நைல் நதி தெற்கிலிருந்து நேராக வராமல் பெரிய கொக்கி போல வளைந்து வருகிறது. வழியில் படகு போக முடியாத பாறை அருவிகள். கொக்கியைச் சுற்றாமல் வாடி ஹல்ஃபாவிலிருந்து அபு ஹமதுக்குப் பாலைவனத்தின் குறுக்கே நேர்கோடாக ரயில் போடலாம் என்று முடிவானது. சுமார் 230 மைல். விவரம் தெரிந்த பலர் இது பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 1897 ஜனவரி 1 அன்று வேலை தொடங்கியது, அக்டோபர் 31 அன்று அபு ஹமதுக்குப் பாதை வந்து சேர்ந்தது. தொடங்கும்போது ஜிருவாருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

பாதி வழியில் ஒரு சிக்கலும் வந்தது. ஜூலை கடைசியில் 100 மைலைத் தாண்டியதும் வேலை நின்றது. காரணம், போய்ச் சேர வேண்டிய அபு ஹமது அப்போது எதிரியின் கையில்! ஆகஸ்ட் 7-ல் படை அந்த ஊரைப் பிடித்த பிறகுதான் மேற்கொண்டு தண்டவாளம் நகர்ந்தது.

டீக்கடை பெஞ்ச்:

ஊரைப் பிடிக்கும் முன்னாலேயே அந்த ஊருக்கு ரயில் போட்ட தைரியத்தைச் சொல்லுங்கள். நம்மூரில் நிலம் கையகப்படுத்தவே பதினைந்து வருடம்.

மீட்டர்கேஜ் மணி:

அண்ணா, கேஜ் விவரத்தை விட்டுவிட்டீர்களே. அந்தப் பாதை 3 அடி 6 அங்குலம். தெற்கு ஆப்பிரிக்காவின் கேப் கேஜ். எகிப்தின் பிரதான பாதைகளோ 4 அடி 8½ அங்குலம். ராணுவச் சிக்கனம் பார்த்தால் மீட்டர்கேஜ்கூடப் போட்டிருக்கலாம். கேப் கேஜ்தான் வேண்டும் என்று கிச்சனர் பிடிவாதமாக இருந்தார். கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை ஒரே பாதை என்று கேப் காலனியின் முன்னாள் பிரதமர் செசில் ரோட்ஸ் கனவு கண்டுகொண்டிருந்த காலம் அது. நடைமுறையில் அதற்கு உடனே ஒரு லாபமும் கிடைத்தது: தெற்கு ஆப்பிரிக்காவுக்கென்று இங்கிலாந்தில் கட்டி வைத்திருந்த எஞ்சின்களில் சிலவற்றை ஜிருவார் இரவல் வாங்கிக்கொண்டு போனார். ஒரே கேஜ் என்பதால் அப்படியே ஓடின.

கனவு என்னவாயிற்று என்று கேட்டால், இன்றுவரை எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே தண்டவாளத் தொடர்பே கிடையாது. எகிப்து ரயில் அஸ்வான் பக்கத்தில் நின்றுவிடும், அங்கிருந்து வாடி ஹல்ஃபாவுக்கு நெடுங்காலம் நீர்வழிதான்.

பழைய கண்ட்ரோலர்:

நல்ல இழை தம்பி. நான் செக்‌ஷன் கண்ட்ரோலராக, ஒரு தடப் பகுதியில் எந்த வண்டி எப்போது போவது என்று தீர்மானிப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் என் கண்ணுக்குத் தெரிவது வேறு. பாலைவனத்தில் தண்டவாளம் போடுவது பார்க்கப் பிரமாதம், ஆனால் அந்தத் தரை பெரும்பாலும் கெட்டியான, மெதுவாக ஏறி இறங்கும் சமவெளி. பெரிய பாலம் இல்லை, சுரங்கம் இல்லை. உண்மையான பிரச்சினை தண்ணீர்.

நீராவி எஞ்சின் தண்ணீர் குடிக்கும். வழியில் கிணறு இல்லையென்றால் அது குடிக்க வேண்டிய தண்ணீரை அதே வண்டியில்தான் ஏற்றிப் போக வேண்டும். போவதற்கு மட்டுமில்லை, திரும்பி வருவதற்கும். பாதையின் முனை தள்ளிப் போகப் போக வண்டியில் தண்ணீர்த் தொட்டிகள் கூடும், தண்டவாளமும் ஸ்லீப்பரும் ஏற்றும் வேகன்கள் குறையும். ஒரு கட்டத்தில் வண்டி தன் தண்ணீரை மட்டுமே சுமந்துகொண்டு வெறுமனே போய் வர வேண்டியதுதான். அதற்குமேல் பாதை வளர முடியாது. இதைத் தாண்ட வைத்தவை இரண்டு கிணறுகள். 77-வது மைலில் ஒன்று, 126-வது மைலில் ஒன்று. வேறு இடங்களில் தோண்டிப் பார்த்தும் தண்ணீர் கிடைக்கவில்லை. முன்னால் போய்ப் பாதையை அளந்து, தோண்ட வேண்டிய இடங்களையும் குறித்தவர் கேட்டர் என்ற இளம் அதிகாரி. பாதை முடிவதைப் பார்க்காமலேயே டைஃபாய்டில் இறந்துபோனார். ஜிருவார் பெயர் சொல்லும் இடத்தில் அவர் பெயரையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் பாதை முனையில் இருந்த கூடார ஊர். சுமார் 2,500 பேர். தபால், தந்தி, கடை எல்லாம் கூடாரத்துக்குள்ளேயே. தண்டவாளம் நீள நீள அந்த ஊரையும் மூட்டை கட்டி முன்னால் நகர்த்துவார்கள். அவர்கள் குடிக்கும் தண்ணீரும் ரயிலில்தான் வரும். ஒரு நாள் வண்டி வராவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இதையெல்லாம் முன்கூட்டியே வாடி ஹல்ஃபாவில் ஒரு குடிசையில் உட்கார்ந்து பட்டியல் போட்டார் ஜிருவார். எத்தனை தண்டவாளம், எத்தனை ஃபிஷ்பிளேட் (தண்டவாளங்களை இணைக்கும் இரும்புப் பட்டை), எத்தனை போல்ட், எத்தனை தொட்டி என்று. வேலை நடந்தபோது பட்டியலில் இல்லாத ஒன்று தேவைப்பட்டதாகப் பேச்சே இல்லை. எங்கள் காலத்தில் பழுதுபார்க்க வண்டிகளை நிறுத்தி ஒரு பிளாக் எடுத்தால் ஸ்பேனரை மறந்துவிட்டு வந்திருப்பார்கள்.

ஒற்றைத்தடம்:

கண்ட்ரோலர் ஐயா, தொட்டீர்கள். இன்னொரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். அவர் போய்ச் சேர்ந்தபோது அங்கே இருந்த எஞ்சின்கள் பழைய காலத்து மிச்சம், ஒவ்வொன்றும் ஒரு ரகம். ஒன்றின் உதிரிப் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஃபிட்டர்கள் போதாது. ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஆட்களே இல்லை. அதற்காக ஹல்ஃபாவில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். கட்டடம் கிடையாது, இரண்டு மரங்களின் நிழலில் இருபது மாணவர்கள். அவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நேராகப் போய்க் கொடி பிடித்தார்கள்.

1896 ஆகஸ்டில், நைல் கரையோரப் பாதையில், மழையே பார்க்காத ஊரில் பெருமழை கொட்டி 12 மைல் கரையை அடித்துக்கொண்டு போயிருந்தது. அதையும் மறுபடி கட்டிவிட்டுத்தான் இந்தப் பாலைவனப் பாதைக்கே வந்தார்.

உப்புக்காற்று:

எல்லாம் சரி. கட்டியவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லையே? ரயில்வே பட்டாலியன் என்ற பெயரில் எகிப்திய விவசாயிகளைக் கட்டாயச் சேவைக்குப் பிடித்து வந்தார்கள். கைதிகள் இருந்தார்கள். சண்டையில் பிடிபட்ட மஹ்தி படையினரையும் வேலையில் போட்டார்கள். அதாவது, தன் சொந்த நாட்டைப் பிடிக்க வரும் படைக்கான ரயிலைத் தோற்றவனே போட்டுக் கொடுத்தான். அந்த ரயில் 1898 ஜூலையில் அட்பரா போனது. அதில் ஏற்றிய பீரங்கிப் படகுகளைப் பாகம் பாகமாகக் கொண்டுபோய் ஆற்றோரத்தில் ஒன்றாகப் பூட்டி மிதக்க விட்டார்கள். செப்டம்பர் 2, கார்ட்டூமுக்கு எதிர்க்கரை ஓம்துர்மானில் போர். ஒரே காலைப் பொழுதில் 10,000-க்கும் மேற்பட்ட சூடானியர்கள் செத்தார்கள். பிரிட்டிஷ், எகிப்தியத் தரப்பில் செத்தவர்கள் ஐம்பது பேருக்குப் பக்கம். மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது எது?

அந்தப் போருக்கு மொத்தம் ஆன செலவு ஏறக்குறைய 23½ லட்சம் எகிப்திய பவுண்டு. அதில் பாதி ரயிலுக்கு. அதனால் "பொறியாளர் தன் வேலையை மட்டும் பார்த்தார்" என்று யாரும் சொல்ல வேண்டாம். போரே அந்த வேலைதான்.

பினாங்குக்காரி:

உப்புக்காற்று சொல்வதைப் படித்ததும் எங்கள் பக்கக் கதை நினைவுக்கு வருகிறது. சயாம் மரண ரயில். 1942-43-ல் ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை. நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர், அவர்களில் 12,000-க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல், இறந்தவர்கள் 90,000 வரை என்பார்கள். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். நல்ல சம்பளம், சாப்பாடு என்று சொல்லி ஏற்றிப் போனவர்களும் உண்டு, சினிமா காட்டுகிறோம் என்று கூப்பிட்டு அப்படியே லாரியில் ஏற்றியதாகத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதும் உண்டு. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறை வரிசை இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது. எங்கள் ஆட்களைக் கும்பல் கும்பலாகப் புதைத்தார்கள்.

அங்கேயும் பொறியாளர்கள் இருந்தார்கள். குறித்த நாளுக்குள் முடிக்கத்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். 1943 அக்டோபரில் முடித்தும் காட்டினார்கள். ஜிருவாரையும் அவர்களையும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் "இவ்வளவு மாதத்தில் இத்தனை மைல்" என்று யாராவது வியந்தால், எனக்கு உடனே மறுபக்கத்துக் கணக்கைக் கேட்கத் தோன்றுகிறது.

ஒற்றைத்தடம்:

அக்கா, அந்தக் கேள்வி நியாயமானது. சூடான் பாதையில் சாவு சயாம் அளவுக்கு இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். கூலிகளுக்குத் தண்ணீரும் சோறும் ஒழுங்காகப் போனது. கருணையை விட அதில் கணக்குத்தான் அதிகம் என்று உப்புக்காற்று சொன்னால் மறுக்க மாட்டேன். ஆள் செத்தால் பாதை நிற்கும்.

பழைய கண்ட்ரோலர்:

சூடானோடு நின்றுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் ஜிருவாரின் பெரிய வேலை 1899-ல் தெற்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டனுக்கும் போயர்களுக்கும் (டச்சு வம்சக் குடியேறிகள்) நடுவே தொடங்கிய போயர் போரில்தான். நடுவில் எகிப்து ரயில்வேயின் தலைமைக்குப் போய் அலெக்ஸாண்ட்ரியா துறைமுக நெரிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார். அங்கிருந்து தெற்கு ஆப்பிரிக்காவுக்கு ரயில்வே இயக்குநராக அனுப்பினார்கள்.

அங்கே புதிதாகப் பாதை போட வேண்டியதில்லை, இருப்பதை ஓட வைக்க வேண்டும். ஒற்றைப் பாதை. கேப்டவுனிலிருந்து சண்டை நடக்கும் இடத்துக்கு 600 மைலுக்கு மேல். சிவில் ரயில்வே ஊழியர்கள் வழக்கம்போல ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு கர்னல் வந்து நின்று "என் படைக்கு இப்போதே வண்டி வேண்டும்" என்கிறார். அடுத்த ஸ்டேஷனில் இன்னொரு கர்னல். வந்த வேகன்களை இறக்காமல் சைடிங் என்ற பக்கத் தடத்தில் நிறுத்திக் கிடங்காக வைத்துக்கொள்கிறார் மூன்றாமவர். ஸ்டேஷன் மாஸ்டர் யார் பேச்சைக் கேட்பார்? இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவர் பேச்சைத்தான்.

போர்க்கால ரயில் இங்கேதான் படுத்துவிடும். குண்டு விழுந்து உடைந்த பாலத்தைக் கட்டிவிடலாம். இறக்காமல் நிற்கும் வேகன் கண்ணுக்கே தெரியாது. நூறு வேகன் நின்றால் நூறு வேகன் குறைந்தது என்று மட்டும் பொருளில்லை. அவை நிற்கும் லூப்களும் போய்விடும், எதிர்வண்டிக்கு வழிவிட இடம் இருக்காது, மொத்தச் செக்‌ஷனும் முறுக்கிக்கொள்ளும்.

ஜிருவார் கொண்டுவந்த ஏற்பாடு எளிமையானது. ராணுவத்துக்கும் ரயில்வேக்கும் நடுவில் தன் ஆட்களை உட்கார வைத்தார். முக்கிய ஸ்டேஷன்களில் ஒவ்வொரு ரயில்வே ராணுவ அதிகாரி. தளபதி என்ன வேண்டும் என்று சொல்லலாம். எந்த வண்டி, எப்போது, எந்த வரிசையில் என்பதை ரயில்வே மட்டும்தான் முடிவு செய்யும். தளபதியே ஆனாலும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு நேரடி உத்தரவு போட முடியாது. 1900 பிப்ரவரியில், போயர்கள் முற்றுகையிட்டிருந்த கிம்பர்லி நகரை மீட்க பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ராபர்ட்ஸ் தன் படையை மோடர் ஆற்றுப் பக்கம் ஓசைப்படாமல் திரட்டினாரே, அது நடந்தது இந்த ஏற்பாட்டால்தான். பிரிட்டிஷ் ராணுவம் ரயில் விஷயத்தில் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. 1914-ல் மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டார்கள், அது வேறு கதை.

மீட்டர்கேஜ் மணி:

பாலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பின்வாங்கிய போயர்கள் ஆரஞ்சு ஆற்றின் நார்வல்ஸ் பாண்ட் பாலத்தையும் பெதூலி ரயில் பாலத்தையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பெரிய பாலத்தைச் சரிசெய்யும் வரை காத்திருக்காமல், ஆற்றுக்குக் கிட்டத்தில் தாழ்வாகத் தற்காலிகப் பாதை போட்டு வண்டி விட்டார்கள். செங்குத்தான இறக்கம், கூர்மையான வளைவு, வெள்ளம் வந்தால் போச்சு. ஆனால் வண்டி போனது. பெதூலியில் சாலைப் பாலம் தப்பியிருந்தது. அதன் மேலேயே தண்டவாளம் போட்டு வேகன்களை ஒவ்வொன்றாகத் தள்ளி அக்கரை சேர்த்தார்கள். இதில் வேலை பார்த்த ரயில்வே பயனியர் ரெஜிமெண்டில் பலர் ஜோஹன்னஸ்பர்க் தங்கச் சுரங்கத்துப் பொறியாளர்களும் மெக்கானிக்குகளும்தான்.

போயர்களும் சும்மா இருக்கவில்லை. 1900 ஜூன் 7 அன்று போயர் தளபதி டி வெட் ரூட்வால் ஸ்டேஷனில் குளிர்கால உடைகள், வெடிமருந்து, தபால் மூட்டைகள் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டுப் போனார். அதன்பின் பழுதுபார்க்கும் வண்டி எப்போதும் தயாராக நிற்கும். இரவில் வெடிப்பார்கள், காலையில் ஒட்டுவார்கள்.

உப்புக்காற்று:

கண்ட்ரோலர் ஐயா, "எந்த வண்டி முதலில்" என்பதை ரயில்வே முடிவு செய்தது என்றீர்கள். அதே ரயிலில்தான் பண்ணைகளைக் கொளுத்திவிட்டுப் போயர் பெண்களையும் குழந்தைகளையும் திறந்த வேகன்களில் ஏற்றி முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். முகாம்களெல்லாம் ரயில் பாதை ஓரமாகத்தான் அமைந்தன. 1901-ல் அங்கே குழந்தைகள் அம்மை வந்து கொத்துக் கொத்தாகச் செத்தபோது, உணவும் மருந்தும் வந்து சேராததற்கு அதிகாரிகள் சொன்ன காரணங்களில் ஒன்று: பாதை ஒற்றை, ராணுவச் சரக்குக்கே முன்னுரிமை. போயர்கள் சுமார் 28,000 பேர் இறந்தார்கள். கறுப்பின மக்களுக்கெனத் தனி முகாம்கள் இருந்தன, அங்கே 14,000-க்குக் குறையாமல். அந்த வரிசையைத் தீர்மானித்த மேசை யாருடையது?

பழைய கண்ட்ரோலர்:

இதற்கு மழுப்பிப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மேசை ஜிருவாருடையதுதான். கொள்கை அவருடையது இல்லை, பண்ணையைக் கொளுத்தச் சொன்னதும் முகாம் வைத்ததும் ராபர்ட்ஸும் கிச்சனரும். ஆனால் வரிசை எழுதும் கைக்கு வரிசையின் கடைசியில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் இருக்காது. கண்ட்ரோல் சார்ட்டில் ஒரு கோட்டை இழுத்தால் இன்னொரு கோடு நிற்கும். சமாதானக் காலத்திலேயே சரக்கு வண்டி கார்டு எட்டு மணி நேரம் காட்டில் நிற்பதைப் போர்டில் பார்த்துக்கொண்டேதான் எக்ஸ்பிரஸை விடுவோம். ஜிருவாரின் முறை திறமையானது என்பதும், அந்தத் திறமையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் இரண்டுமே உண்மை. நான் முதலாவதை விட்டுக்கொடுக்க மாட்டேன், இரண்டாவதை மறைக்கவும் மாட்டேன்.

டீக்கடை பெஞ்ச்:

தெற்கு ஆப்பிரிக்கா என்றால் நம் ஆட்கள் இல்லாமலா? நேட்டால் ரயில்வேயில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் இருந்தார்கள் இல்லையா?

ஒற்றைத்தடம்:

இருந்தார்கள். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து முதல் கப்பல் டர்பன் போனதிலிருந்தே தொடர்ச்சி. கரும்புத் தோட்டத்துக்கு அடுத்தபடியாக நேட்டால் அரசு ரயில்வே ஒப்பந்த இந்தியர்களை நிறைய வைத்திருந்தது. போயர் போரில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையின் சுமார் 1,100 பேரிலும் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகள்தான். காயம்பட்டவர்களைத் தூக்குக் கட்டிலில் சுமந்து ரயில் நிற்கும் இடம் வரை கொண்டுபோனவர்கள்.

மீட்டர்கேஜ் மணி:

போருக்கும் நம் தண்டவாளத்துக்கும் இன்னொரு தொடர்பு உண்டு, கொஞ்சம் தள்ளிய காலம். போடி மீட்டர்கேஜ் பாதையை இரண்டாம் உலகப் போரில் பெயர்த்து எடுத்துப் போய்விட்டு 1954-ல்தான் மறுபடி போட்டார்கள். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து மெசபடோமியாவுக்கு எஞ்சினும் தண்டவாளமும் போயின. இதற்குத் தனி இழை போடலாம்.

பினாங்குக்காரி:

போர் முடிந்த பிறகு அவர் என்ன ஆனார்? இத்தனை பெரிய ஆள் என்றால் பாடப்புத்தகத்தில் ஏன் இல்லை?

ஒற்றைத்தடம்:

1900-ல் சர் பட்டம் வந்தது. போருக்குப் பின் ட்ரான்ஸ்வால், ஆரஞ்சு ஆற்றுக் குடியேற்றப் பகுதி ரயில்வேக்களுக்கு ஆணையர். அங்கே வணிகர்களோடும் அரசியல்வாதிகளோடும் ஒத்துப்போகவில்லை, 1904-ல் விலகினார். எனக்கென்னவோ, போரில் "என் பேச்சுதான் கடைசி" என்று இருந்து பழகியவருக்குச் சமாதானக் காலத்துச் சபைகள் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது.

1907-ல் வடக்கு நைஜீரியாவுக்கு உயர் ஆணையர். பாரோவிலிருந்து கானோவுக்குச் சிக்கனமான கேப் கேஜ் பாதை. மான்செஸ்டர் மில்களுக்குப் பருத்தி வரும் என்றுதான் அதைப் போட்டார்கள். 1911-ல் ரயில் கானோ போனதும் அங்கத்து விவசாயிகள் பருத்தியை ஓரமாக வைத்துவிட்டு நிலக்கடலை பயிரிட்டார்கள். வேகன் வேகனாகக் கடலை மூட்டை குவிந்து ஸ்டேஷன் திணறியது. இவ்வளவு கணக்குப் போட்டவர் கணக்கில் இது மட்டும் இல்லை.

1909-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு, அதாவது இன்றைய கென்யாவுக்கு ஆளுநர். அங்கேதான் சறுக்கினார். மாசாய் மக்களுக்கு 1904 ஒப்பந்தத்தில் லைகிபியா மேட்டுநிலம் நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெள்ளைக் குடியேறிகளுக்கு அந்த நிலம் வேண்டியிருந்தது. 1911-ல் புது ஒப்பந்தம் போட்டு மாசாய்களை மாடு கன்றோடு தெற்கே நகர்த்தினார்கள். நிலத்தை முன்கூட்டியே சிலருக்கு வாக்குக் கொடுத்தாரா இல்லையா என்பதில் லண்டனோடு தகராறு முற்றி, 1912-ல் பதவியை விட்டார். மாசாய்கள் 1913-ல் வழக்குப் போட்டார்கள், தள்ளுபடி ஆனது.

உப்புக்காற்று:

மக்களையும் வேகன் மாதிரி ஒரு சைடிங்கிலிருந்து இன்னொரு சைடிங்குக்குத் தள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

பழைய கண்ட்ரோலர்:

அப்புறம் ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் ஆயுதக் கம்பெனி. 1914 அக்டோபரில் பிரான்ஸ், பெல்ஜிய ரயில்களைப் பார்த்து வர கிச்சனர் இவரையே அனுப்பினார். 1915-ல் லாயிட் ஜார்ஜின் புதிய வெடிமருந்து அமைச்சகத்தில் தலைமை இயக்குநர், சில வாரங்களிலேயே வெளியேற்றம். 1932-ல் லண்டனில் இறந்தார். கனடாவில் பான்ஃப் பக்கம் ஒரு மலைக்கு அவர் பெயர் இருக்கிறது.

சுவாரசியம் என்னவென்றால், அதே அமைச்சகத்தில் எரிக் கெடிஸ் என்று ஒருவர் இருந்தார். நம்மூர் ரோஹில்கண்ட் குமாவுன் ரயில்வேயில் வேலை கற்றவர். 1916-ல் பிரான்ஸின் சோம் போர்முனையில் சரக்கு தேங்கி எல்லாம் ஸ்தம்பித்தபோது, ஜிருவார் பதினாறு வருடம் முன்னால் செய்ததை இன்னும் பெரிய அளவில் செய்தவர் இவர்தான்.

பினாங்குக்காரி:

சூடான் பாதை இன்னும் இருக்கிறதா?

உப்புக்காற்று:

பழைய வாடி ஹல்ஃபா ஊரே அஸ்வான் அணை நீரில் 1960-களில் மூழ்கிவிட்டது, ஸ்டேஷனைத் தள்ளிக் கட்டினார்கள். நடுவில் இருந்த நிலையங்களுக்கு ஜிருவார் காலத்தில் பெயர் வைக்கவில்லை, எண் மட்டும்தான். 4-ஆம் எண் ஸ்டேஷன், 6-ஆம் எண் ஸ்டேஷன் என்று.

அட்பராவைப் பற்றி ஒன்று. படை நடத்தப் போட்ட அந்த ரயில் ஊர்தான் பின்னால் சூடான் ரயில்வேயின் தலைமையிடம் ஆனது. 1940-களில் அங்கத்து ரயில் தொழிலாளர்கள் சங்கம் கட்டி, நாட்டையே நிறுத்தும் அளவுக்கு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2018 டிசம்பரில் அதிபர் பஷீர் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி வெடித்த ஊர்களில் அட்பரா முக்கியமானது. 2019 ஏப்ரலில் அங்கிருந்து ஒரு ரயில் நிறைய ஆட்கள் கூரை மேலெல்லாம் உட்கார்ந்து கொடியோடு கார்ட்டூம் போனார்கள்.

டீக்கடை பெஞ்ச்:

கூரை மேல் ஆட்கள் என்றால் கண்ட்ரோலர் ஐயா அந்த வண்டியை விட்டிருப்பாரா?

பழைய கண்ட்ரோலர்:

விட்டிருப்பேன், வேகக் கட்டுப்பாட்டோடு. சரி, கெடிஸுக்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி. போர்முனைப் பதுங்குகுழிகளுக்கு 60 சென்டிமீட்டர் கேஜில் ஓடிய ரயில்களைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.